கால் மாத்திரையும் வேண்டாம்

அடிபட்ட பூனை முனகினால், வீட்டில் இருக்கிற பாராசிட்டமாலில் கால் துண்டு கொடுத்தால் என்ன என்று தோன்றும். குழந்தைக்கே கொடுக்கிறோமே, எடைக்கேற்பக் குறைத்தால் போதாதா என்பார்கள். கணக்கு அங்கேதான் தப்புகிறது. அந்த மருந்தைப் பக்குவப்படுத்தி வெளியேற்றும் நொதி நம் கல்லீரலில் தாராளம். பூனைக்கோ அது மிகக் குறைவு. தங்கிய மருந்து நஞ்சாகி ரத்தச் சிவப்பணுக்களைக் கெடுக்கிறது. ஈறு பழுப்பேறும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு இரைக்கும். 4 கிலோ பூனையின் உயிரைக் குடிக்க 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே போதும். ஐபுபுரூஃபெனும் மாற்றல்ல.

வலியோடு விடுவதா என்றால், துணி விரித்த அட்டைப்பெட்டியில் அசங்காமல் படுக்கவைத்துக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போங்கள். மெலாக்ஸிகாமோ புப்ரெனார்ஃபினோ, எடையும் சிறுநீரகமும் பார்த்து அவர் கொடுப்பார். ஏற்கெனவே மாத்திரை கொடுத்தாயிற்றா? மறைக்காமல் சொல்லுங்கள்; அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிவு மருந்து இருக்கிறது, சீக்கிரம் போனால்.