கை பார்க்கும் ஸ்கேன், இயந்திரம் பார்க்கும் ஸ்கேன்



மலேசியப் பெண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய். 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, இந்த நோயாளிகளில் 47.9 விழுக்காட்டினருக்கு மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் நோய் தெரியவந்திருக்கிறது. ஏறக்குறைய இரண்டு பேரில் ஒருவர் தாமதமாக வந்து சேர்கிறார். நெகிரி செம்பிலானின் பகாவ், ரொம்பின், லிங்கி, சிலியாவ் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த பெண்களுக்கு இந்தத் தாமதம் புதிதல்ல. விடியற்காலையில் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்பு, பிறகு வேலை, வீடு திரும்பினால் சமையல், பிள்ளைகள். மார்பில் கட்டி ஒன்று கைக்குத் தட்டுப்பட்டாலும், "வலிக்கலையே, பெருநாள் முடியட்டும், பார்க்கலாம்" என்று தள்ளிப் போடுவார்கள். மார்பகப் புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. இதைத் தோட்டத்துக்குத் தோட்டம் போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்றைக்கு நான் பேச வந்தது, மார்பகக் கட்டிகளைக் கண்டறிய உதவும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பற்றி. அதில் இரண்டு வகை உண்டு. மருத்துவர் கையில் பிடித்துப் பார்ப்பது ஒன்று. இயந்திரம் தானாகவே மார்பு முழுவதையும் படமெடுப்பது இன்னொன்று. எது நல்லது என்று பலரும் கேட்கிறார்கள்.

மேமோகிராம் இருக்கும்போது ஸ்கேன் எதற்கு என்பதை முதலில் பார்த்துவிடுவோம். மேமோகிராம் ஓர் எக்ஸ்ரே படம். அதில் அடர்த்தியான மார்புத் திசு வெள்ளையாகத் தெரியும். கட்டியும் வெள்ளையாகத்தான் தெரியும். பஞ்சு மூட்டைக்குள் பஞ்சு உருண்டையைத் தேடுகிற வேலை அது. ஆசியப் பெண்களுக்கும் வயது குறைந்தவர்களுக்கும் இந்த அடர்த்தி கூடுதலாக இருக்கிறது. அல்ட்ராசவுண்டில் பெரும்பாலான கட்டிகள் கருமையாகத் தெரிவதால், அடர்ந்த திசுவுக்குள்ளும் கண்ணில் படும். ஜப்பானில் 40 முதல் 49 வயது வரையுள்ள 72,998 பெண்களிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2016-இல் வெளிவந்தது. மேமோகிராம் மட்டும் எடுத்த குழுவில் 77 விழுக்காட்டுப் புற்றுகள் பிடிபட்டன. அல்ட்ராசவுண்டையும் சேர்த்த குழுவில் 91.1 விழுக்காடு. ஆனால் சில புற்றுகளின் முதல் அடையாளமான நுண்ணிய சுண்ணாம்புப் புள்ளிகளைக் காண மேமோகிராமே ஏற்றது. ஆகவே ஸ்கேன் அதற்குத் துணைதான், மாற்று இல்லை.

இனி இரண்டு வகைக்கும் வருவோம். கையால் பார்க்கும் ஸ்கேனில், ஜெல் தடவி, சிறு கருவியை மார்பின் மேல் நகர்த்திக்கொண்டே மருத்துவர் திரையைப் பார்க்கிறார். சந்தேகமான இடத்தில் நிறுத்துவார், சாய்ப்பார், அழுத்திப் பார்ப்பார், இரத்த ஓட்டத்தைக் கவனிப்பார். அக்குளில் நெறிகட்டி இருக்கிறதா என்றும் தேடுவார். தேவைப்பட்டால் அதே கருவியின் துணையோடு ஊசி செலுத்தி, சோதனைக்குத் திசு எடுக்கவும் முடியும். எல்லாம் அந்தக் கையின் பழக்கத்தைப் பொறுத்தது. தேர்ந்த கை கண்டுபிடிப்பதை அவசரக் கை தவறவிடும். தவறவிட்ட இடத்துக்குப் படமும் இருக்காது.

தானியங்கி ஸ்கேனில் சுமார் 15 சென்டிமீட்டர் அகலமுள்ள தட்டு மார்பின் மேல் படிந்து, தானாக நகர்ந்து, நூற்றுக்கணக்கான படங்களை எடுக்கிறது. ஒரு பக்கத்துக்கு வழக்கமாக மூன்று முறை ஓடும். ஒவ்வொரு முறையும் சுமார் ஒரு நிமிடம். பயிற்சி பெற்ற தொழில்நுட்பரே இயக்கலாம். படங்கள் முப்பரிமாணமாகச் சேமிக்கப்படுவதால், கதிரியல் மருத்துவர் வேறோர் ஊரிலிருந்துகூடப் பார்க்கலாம். அடுத்த ஆண்டுப் படத்தோடு ஒப்பிடலாம். இதில் குறைகளும் உண்டு. அக்குள் சரியாக வராது. பெரிய மார்பின் ஓரங்கள் விடுபடலாம். தட்டு நன்றாகப் படியாத இடத்திலும் காம்பின் கீழும் நிழல் விழும். ஊசி போட்டுத் திசு எடுக்க இது உதவாது.

அமெரிக்காவில் அடர்த்தியான மார்புள்ள 15,318 பெண்களிடம் நடந்த ஆய்வொன்று 2015-இல் வெளியானது. மேமோகிராம் 82 புற்றுகளைக் கண்டது. தானியங்கி ஸ்கேன் சேர்ந்ததும் இன்னும் 30 பிடிபட்டன. அந்த 30 பெண்களையும் அவர்கள் குடும்பங்களையும் நினைத்தால் இது சிறிய எண்ணிக்கை இல்லை. ஆனால் அதே ஆய்வில், மறுபரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்கள் ஆயிரத்துக்கு 150 பேரிலிருந்து 285 பேராகக் கூடினார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இல்லை.

இந்த இடத்தில்தான் எனக்குத் தோட்டத்துப் பெண்களின் நினைவு வருகிறது. ஜெம்போல் பக்கத்தில் நாள் சம்பளத்துக்குச் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவருக்கு, சிரம்பான் மருத்துவமனையிலிருந்து மறுபடியும் அழைப்பு வருகிறது. கோலப்பிலாவைக் கடந்து, புக்கிட் புத்துஸ் மலையைத் தாண்டிப் போய் வர ஒரு நாள் வேலை போகும். பஸ் செலவு வேறு. வீட்டில் எல்லோருக்கும் பயம் பிடித்துக்கொள்ளும். போன பிறகு "ஒன்றுமில்லை" என்று சொன்னால் நிம்மதிதான். ஆனால் அடுத்த முறை கூப்பிட்டால் அவர் போவாரா?

அப்படி மறுபடியும் அழைக்கப்படுகிறவரை எதைக் கொண்டு பார்ப்பார்கள்? கையால் பார்க்கும் ஸ்கேனைக் கொண்டுதான். தானியங்கி எழுப்புகிற சந்தேகத்தை, கடைசியில் ஒரு தேர்ந்த கைதான் தீர்த்துவைக்க வேண்டும். எனவே நெகிரி செம்பிலானின் உட்புற ஊர்களுக்குத் தானியங்கி இயந்திரம் வருமானால் நான் வரவேற்பேன். கதிரியல் மருத்துவர்கள் நகரங்களிலேயே அதிகம் இருக்கும் நாட்டில், படத்தை இங்கே எடுத்து அங்கே பார்க்கும் வசதி பெரிய உதவி. ஆனால் சந்தேகம் வந்தவருக்கு அன்றைக்கே, அதே இடத்தில், கையால் ஸ்கேன் பார்க்கவும் ஏற்பாடு வேண்டும். அது இல்லாமல் இயந்திரத்தை மட்டும் கொண்டுவந்தால், பயந்த பெண்களின் பட்டியல்தான் நீளும். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் உண்டு என்றால், முதலில் கையால் ஸ்கேன் பார்க்கத் தெரிந்தவர்களைத்தான் கூட்ட வேண்டும் என்பேன்.

கட்டி ஏற்கெனவே கைக்குத் தட்டுப்பட்டவர்களுக்கு இந்த ஒப்பீடே தேவையில்லை. அவர்களுக்கு வேண்டியது மருத்துவர் பரிசோதனையும், வயதுக்கேற்ப மேமோகிராமும், கையால் பார்க்கும் ஸ்கேனும். புதிய இயந்திரத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்.

கட்டி இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் மிஸியிடமோ டாக்டரிடமோ கேட்டால் மார்பைப் பரிசோதிப்பார்கள். சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் சந்தா கட்டும் 40 வயதைக் கடந்த தொழிலாளர்களுக்காக 2013-இல் தொடங்கிய இலவசச் சுகாதாரப் பரிசோதனைத் திட்டத்தில், பெண்களுக்கு மேமோகிராமும் சேர்ந்திருந்தது. உங்களுக்கு இப்போது என்ன கிடைக்கும் என்று அருகிலுள்ள சொக்சோ அலுவலகத்தில் விசாரியுங்கள்.

அம்மாமார்களே, அக்காமார்களே, மார்பிலோ அக்குளிலோ கட்டி, தோலில் குழி, காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பில் இரத்தம் கசிவது, இவற்றில் ஏதாவது தெரிந்தால் இந்த வாரமே கிளினிக்குக்குப் போங்கள். ஸ்கேன் எடுக்கும்போது, "அக்குளையும் பார்த்தீர்களா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.