வராதவர்களுக்கும் மருத்துவர்

இன்று பட்டம் பெறும் இளம் மருத்துவர்களே, 

எனக்குக் கொடுத்திருக்கும் நேரத்தில் ஒரே ஒரு மருத்துவரைப் பற்றிச் சொல்ல ஆசைப்படுகிறேன். அவர் பெயர் ஜூலியன் டியூடர் ஹார்ட். வேல்ஸ் நாட்டின் தெற்கே, ஆஃபன் பள்ளத்தாக்கின் மேல்முனையில், கிளின்கோரூக் என்ற சுரங்க ஊரில் குடும்ப மருத்துவராக இருந்தவர். 1961-ல் அங்கே போனார். 1987-ல் ஓய்வு பெறும்வரை அதே ஊர், அதே மக்கள். இரண்டாயிரம் பேர் அளவுக்கு இருந்த அந்த ஊரில்தான் குடியிருந்தார். கடைத்தெருவுக்குப் போனால் எதிரே வருகிறவர் அவருடைய நோயாளியாகத்தான் இருப்பார்.

வேல்ஸ் சுரங்கப் பள்ளத்தாக்குகள் எனக்கு அறிமுகமானது கல்லூரி விடுதியில். எங்கள் நூலகத்தில் அட்டை கிழிந்த நாவல் ஒன்று இருந்தது. ஏ. ஜே. குரோனின் 1937-ல் எழுதிய ‘தி சிட்டடல்’. உடற்கூறியல் தேர்வுக்கு முந்தின வாரம் அதை எடுத்துவிட்டு, முடிக்காமல் கீழே வைக்க மனமில்லாமல், மொட்டைமாடி விளக்கடியில் உட்கார்ந்து படித்தது இன்றும் நினைவிருக்கிறது. குரோனினும் மருத்துவர்தான். 1920-களில் டிரெடீகர் என்ற ஊரில், சுரங்கத் தொழிலாளர்கள் சம்பளத்தில் சிறுதொகை பிடித்துத் தாங்களே நடத்திய மருத்துவ உதவிச் சங்கத்தில் வேலை பார்த்தவர். அந்த ஊரில் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்த அனைரின் பெவன், பின்னாளில் சுகாதார அமைச்சராகி, 1948 ஜூலை 5 அன்று பிரிட்டனில் தேசிய சுகாதாரச் சேவையைத் தொடங்கிவைத்தார். மருத்துவரிடம் போக யாருக்கும் காசு வேண்டாம் என்ற நிலை அன்றைக்குத்தான் அங்கே வந்தது. அந்தச் சேவைக்குள்ளே வேலை பார்க்க வந்தவர்தான் டியூடர் ஹார்ட்.

1927-ல் லண்டனில் பிறந்தவர். தாயும் தந்தையும் மருத்துவர்கள். தந்தை ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் காயம்பட்டவர்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்தவர். மகன் கேம்பிரிட்ஜில் படித்தார். ஆர்ச்சி காக்ரன் என்ற மருத்துவ ஆய்வாளர் சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரலை ஆராய்ந்துகொண்டிருந்த குழுவில் சிலகாலம் வேலை செய்தார். கம்யூனிஸ்ட் கட்சியின் வேட்பாளராகத் தேர்தலில் நின்றார், தோற்றார். அவருடைய அரசியலை நீங்கள் ஏற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர் தொழில் செய்த விதத்தைப் பாருங்கள் என்கிறேன்.

தொடக்கத்தில் அவருக்கும் நம்மைப் போலத்தான். வாசலில் கூட்டம். இருமல், காய்ச்சல், இடுப்புவலி. ஒருவர் போக ஒருவர். ஆனால் நாற்பதிலும் ஐம்பதிலும் இருந்த ஆண்கள் மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கூடியிருந்த இரத்த அழுத்தம் வலிக்காது, யாரையும் மருத்துவரிடம் கூட்டிவராது. அதனால் 1968-ல் ஒரு முடிவெடுத்தார். எதற்காக வந்தாலும் சரி, வந்தவருக்கு இரத்த அழுத்தம் பார்த்துக் குறித்துவிடுவது. குறிப்பேட்டைப் புரட்டி, இன்னும் யாருக்கெல்லாம் பார்க்கவில்லை என்று தேடி, அவர்களை எட்டிப்பிடிப்பது. மனைவி மேரியும் அந்த ஆய்வுகளில் கூடவே உழைத்தார். தன்னிடம் பதிவான பெரியவர்கள் அனைவருக்கும் இரத்த அழுத்தம் பார்க்க முனைந்த முதல் குடும்ப மருத்துவர் என்று அவரைச் சொல்வார்கள்.

எனக்குப் பிடித்த இடம் இதுதான். கூப்பிட்டவுடன் வருகிறவர் பெரும்பாலும் உடம்பைப் பற்றி அக்கறை உள்ளவர். வராமலே இருக்கிறாரே, அவரிடம்தான் நோய் முற்றியிருக்கும்.

நான் தொழில் செய்தது விசைத்தறி ஊரில். ஒரு பெண், மாமியாரை மாதாமாதம் கூட்டி வருவார். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கும். ஷிஃப்ட் முடித்து அப்படியே வந்திருப்பார். மாமியாருக்குப் பார்க்கும்வரை சுவரோரம் நின்றுகொண்டிருப்பார், உட்காரவும் மாட்டார். ஒருநாள் மாமியாரை எழுப்பிவிட்டு அந்த ஸ்டூலில் அவரை உட்காரச் சொன்னேன். “எனக்கென்னங் டாக்டர், நான் நல்லாத்தானே இருக்கறனுங்க. நேரமானா தறி நின்னு போயிருமுங்க” என்றார். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றை ஏற்றினேன். பாதரசம் 210-ல் துடிக்கத் தொடங்கியது. கீழளவு 120. தலைசுற்றல் உண்டா? இல்லீங்க. தலைவலி? தறிச் சத்தத்துல எல்லாருக்கும் வர்றதுதானுங்க.

அன்றிலிருந்து என் அறையில் இரண்டு ஸ்டூல். நோயாளிக்கு ஒன்று, துணைக்கு வந்தவருக்கு ஒன்று. துணைக்கு வந்தவருக்கும் பார்க்காமல் நான் யாரையும் அனுப்பியதில்லை. வீட்டில் எல்லோரையும் மருத்துவரிடம் கூட்டிப்போகிற ஒருவர் இருப்பார். அவரை மட்டும் கூட்டிப்போக ஆள் இருக்காது. நம் நாட்டில் தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் நூற்றுக்கு 21 பேருக்கும், ஆண்களில் 24 பேருக்கும் இரத்த அழுத்தம் கூடுதல். டியூடர் ஹார்ட் அடிக்கடி எடுத்துச் சொன்ன பாதிக் கணக்கு ஒன்று உண்டு: நோய் உள்ளவர்களில் பாதிப்பேருக்குத்தான் அது தெரியும், தெரிந்தவர்களில் பாதிப்பேர்தான் மருந்து எடுப்பார்கள், எடுப்பவர்களில் பாதிப்பேருக்குத்தான் கட்டுக்குள் இருக்கும். கடைசியில் எட்டில் ஒருவர் மிஞ்சுகிறார். மற்ற ஏழு பேர் யார் பொறுப்பு?

1971 பிப்ரவரியில் ‘லான்செட்’ இதழில் அவர் எழுதிய கட்டுரையை இங்கே இருக்கும் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது படிக்க வேண்டும். அதில்தான் ‘தலைகீழ்ப் பராமரிப்பு விதி’யை வகுத்தார். நல்ல மருத்துவம் எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் அது குறைவாகக் கிடைக்கிறது. மருத்துவத்தைச் சந்தையிடம் விடவிட இந்த ஏறுமாறு கூடுகிறது என்பது சாரம். நோய் மலிந்த தொழிலாளர் ஊர்களில் மருத்துவர் ஒவ்வொருவர் தலையிலும் அதிகம் பேர். பின்துணைக்கு நல்ல மருத்துவமனை இல்லை. வசதியான ஊர்களில் எல்லாம் நேர்மாறு. கட்டுரை வருவதற்கு முந்தைய ஆண்டுதான் கிளின்கோரூக்கின் சுரங்கம் மூடப்பட்டிருந்தது. வேலை போன ஊரில் இருந்துகொண்டு எழுதியது அது.

கால் நூற்றாண்டு உழைப்பின் கணக்கை 1991-ல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ வெளியிட்டது. இரத்த அழுத்தம் மிகுந்திருந்தவர்களில் புகைபிடிப்பவர்கள் 56 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக இறங்கியிருந்தார்கள். 65 வயதுக்குள் இறப்பவர்கள், அதேபோல் நலிந்த பக்கத்து ஊரைவிட நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. ஸ்கேன் இயந்திரம் கிடையாது, விலை உயர்ந்த மருந்து கிடையாது. அழுத்தம் பார்க்கும் கருவி, குறிப்பேடு, விடாப்பிடி. இவ்வளவுதான்.

ஒரு நோயாளியைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். இரத்த அழுத்தம், குடி, பருமன், பிறகு சர்க்கரை நோய் என்று வரிசையாகத் தொல்லைகள் வந்த மனிதர். அவருக்காக அந்த மருத்துவ நிலையம் 310 முறை நேரம் ஒதுக்கியது. அதில் டியூடர் ஹார்ட்டின் பங்கு மட்டும் 41 மணி நேரம். முதலில் எதிரெதிரே உட்கார்ந்தவர்கள், போகப்போகப் பக்கம் பக்கமாக உட்கார்ந்தார்களாம். அவர் நிறைவோடு எண்ணிப் பார்த்தது நடக்காமல் போனவற்றை. பக்கவாதம் வரவில்லை, மாரடைப்பு வரவில்லை, சிறுநீரகம் பழுதாகவில்லை. என் தறிக்காரப் பெண் இன்று பேரன் பேத்தி எடுத்திருக்கிறார். நடக்காததற்கு யாரும் மாலை போடுவதில்லை. பத்திரிகையில் படம் வராது. நீங்கள் எம்.டி. படியுங்கள், இதய அறுவைச் சிகிச்சை படியுங்கள், தடுக்கவில்லை. ஆனால் குடும்ப மருத்துவம் என்றால் வேறு வழி கிடைக்காதவர் போகும் பாதை என்று உங்களில் யாராவது நினைத்தால் எனக்கு வருத்தம்.

டியூடர் ஹார்ட் 2018 ஜூலையில், 91-ஆம் வயதில் காலமானார். ராயல் காலேஜ் ஆஃப் ஜெனரல் பிராக்டிஷனர்ஸ் 2006-லேயே தன் டிஸ்கவரி பரிசை அவருக்கு அளித்திருந்தது.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தில் முதலாண்டிலிருந்து நீங்கள் போய்வந்த வீடுகள் இருக்கின்றன. அவர்களுடைய எண் உங்கள் கைபேசியில் இருக்கும். பதிவேட்டில் தாத்தாவின் சர்க்கரை இருக்கிறது, குழந்தையின் எடை இருக்கிறது. நீங்கள் போகும்போதெல்லாம் வேலைக்குப் போயிருந்த ஒருவர், அடுப்படியிலேயே நின்றுவிட்ட ஒருவர், அந்த வீட்டில் இருப்பார். ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன் இன்னொரு முறை போங்கள், ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போங்கள். கருவியை எடுத்துக்கொண்டு போங்கள். அளவை எழுதி அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, ஒரு பிரதியை அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரிடமும் கொடுத்துவிடுங்கள். துணைவேந்தர் அவர்கள் அனுமதித்தால், அடுத்த அணிக்கு இதைக் கடைசி வேலையாகவே வைத்துவிடலாம்.