எந்தத் தெருவின் தண்ணீர்?

(முதுகலை சுற்றுச்சூழல் அறிவியல் சேரவிருக்கும் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



நீங்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த கேள்விகளைப் படித்தேன். பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: “அக்கா, எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல் படித்தால் வேலை கிடைக்குமா?” நம் வீடுகளிலிருந்து கல்லூரிக்கு வருகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். “அறிவுக்காகப் படி” என்று சொல்கிறவர்கள் வீட்டில் பெரும்பாலும் நிலமோ பென்ஷனோ இருக்கும். ஆகவே வேலையைப் பற்றி முதலில் பேசிவிடுகிறேன்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தண்ணீர் பரிசோதனைக் கூடங்கள், ஆலைகளின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யும் ஆலோசனை நிறுவனங்கள், ஆசிரியர் பணி, ஆய்வுப் பணி. இவைதான் வழிகள். நெட் தேர்வில் இது தனிப் பாடம். கேட் தேர்விலும் 2021 முதல் தனித் தாள் இருக்கிறது. தொடக்கச் சம்பளம் ஐ.டி. அளவுக்கு இருக்காது. அரசுப் பணி அறிவிப்பு ஆண்டுதோறும் வராது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு வாருங்கள். சேர்ந்தவுடன் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு விண்ணப்பித்துவிடுங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழை இப்போதே எடுத்து வையுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, அது உங்கள் உரிமை.

இனி, நான் பேச வந்த விஷயம். இந்தப் படிப்பு நமக்கு என்ன கற்றுத் தருகிறது, எதை விட்டுவிடுகிறது?

முதல் செமஸ்டரிலேயே பி.ஓ.டி. சோதனை செய்வீர்கள். தண்ணீரில் அழுகும் கழிவு எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கணக்கு அது. குளிர் நாடுகளில் 20 டிகிரியில் 5 நாள் வைத்துப் பார்ப்பார்கள். நம் நாட்டு வெயிலுக்கு அது பொருந்தாது என்று 27 டிகிரியில் 3 நாள் என மாற்றிக்கொண்டார்கள். சரியான மாற்றம்தான். ஆனால் எனக்கு ஒரு கேள்வி உண்டு. இந்த நாட்டின் வெயிலைக் கவனித்துத் தன்னை மாற்றிக்கொண்ட அறிவியல், இந்த நாட்டின் சேரியை மட்டும் ஏன் கவனிக்கவில்லை?

ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை எடுத்துக்கொள்ளுங்கள். காற்று புகாத சாக்கடையில் பாக்டீரியாக்கள் சல்ஃபேட்டைச் சிதைக்கும்போது அது உருவாகிறது. குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவை நெருங்கும்போது மூக்கு மரத்துப்போகும், நாற்றம் தெரியாது. இறங்கியவர் வாயு போய்விட்டது என்று நினைப்பார். அதற்கும் மேலே போனால் மயக்கம், மூச்சடைப்பு, மரணம். காப்பாற்ற இறங்கும் அடுத்தவரும் அதே குழியில் விழுவது இதனால்தான்.

இவ்வளவும் பாடத்தில் இருக்கிறது. அந்தக் குழிக்குள் யார் இறங்குகிறார், ஏன் அவரே இறங்குகிறார் என்பது மட்டும் இல்லை. 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம் கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்தன. சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகையை உயர்த்த வேண்டிய தேவை வந்தது என்றால், சாவு நிற்கவில்லை என்றுதானே பொருள்? நம் பாடப்புத்தகத்தில் வாயு இருக்கிறது, குழாய் இருக்கிறது, மனிதர் இல்லை.

அடுத்தது வரலாறு. சுற்றுச்சூழல் இயக்கம் என்றால் சிப்கோ, அமைதிப் பள்ளத்தாக்கு என்று எழுதுவோம். மதிப்பெண்ணும் கிடைக்கும். 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு மகாத்தின் சவதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தாரே, அது ஏன் இந்தப் பட்டியலில் வரவில்லை? பொதுத் தண்ணீர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை விடப் பெரிய சுற்றுச்சூழல் கேள்வி எது?

அதன் பிறகு நடந்ததையும் பாருங்கள். குளம் தீட்டுப்பட்டுவிட்டது என்று சாதி இந்துக்கள் அதில் சாணமும் கோமியமும் ஊற்றிச் ‘சுத்தம்’ செய்தார்கள். நம் ஆய்வகத்தில் கோலிஃபார்ம் என்றொரு சோதனை உண்டு. சாணம் கலந்தால் எகிறும் எண் அது. 100 மில்லி குடிநீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது தர நிர்ணயம். ஆக, தூய்மைக்கு இந்த நாட்டில் இரண்டு வரையறைகள் இருக்கின்றன. ஒன்றை ஆய்வகத்தில் நிரூபிக்கலாம். இன்னொன்று பிறப்பைப் பார்த்துச் சொல்லப்படுவது. சுற்றுச்சூழல் அறிவியல் படிப்பவர் முதலில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு ஆய்வுக்கு ஒரு ஊராட்சியின் நிலத்தடி நீரை எடுத்துக்கொண்டேன். ஊருக்குள் ஐந்து போர்வெல், காலனியில் ஐந்து போர்வெல், இரண்டையும் தனித்தனியே ஒப்பிடுவது என்று திட்டம். என் வழிகாட்டி தாளைத் திருப்பிக் கொடுத்தார். “ஊராட்சிக்கு ஒரு சராசரி போதும். சாதியை லேபுக்குள்ளே கொண்டுவராதேம்மா, அது சோஷியாலஜி” என்றார்.

சராசரி என்பது மேட்டுத் தெருவின் நல்ல தண்ணீரையும் பள்ளத் தெருவின் கெட்ட தண்ணீரையும் தாளில் கலந்து, எல்லோருக்கும் சுமாரான தண்ணீர் கிடைப்பதாகக் காட்டும் வித்தை. குடிக்கிறவர் யாரும் சராசரியைக் குடிப்பதில்லை. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, கைக்குழந்தைக்கு ஆபத்து. அந்தக் குழந்தை எந்தத் தெருவில் பிறக்கிறது என்பதைச் சராசரி சொல்லாது.

நான் ‘காலனி’ என்ற சொல்லை எடுத்துவிட்டேன். பத்து கிணறுகளையும் விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, நிலத்தின் உயரம், சாக்கடை முடியும் இடத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதினேன். வரைபடத்தில் புள்ளி வைத்தேன். வைவா நடந்த அன்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இந்த ஐந்து கிணறும் ஏன் சாக்கடை முடிகிற இடத்திலேயே இருக்கிறது?” “அங்கேதான் சார் காலனி இருக்கிறது” என்றேன். அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. சாதியை நான் லேபுக்குள் கொண்டுவரவில்லை தோழர்களே. அது சாம்பிள் பாட்டிலுக்குள்ளேயே இருந்தது.

இது நாம் புதிதாகக் கண்டுபிடித்த முறையும் அல்ல. 1979இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் குப்பைக் கிடங்கு வருவதை எதிர்த்து லிண்டா மெக்கீவர் புல்லார்டு வழக்கு நடத்தினார். அவருடைய கணவர் ராபர்ட் புல்லார்டு சமூகவியல் பேராசிரியர். தன் மாணவர்களை வைத்து நகரின் குப்பைக் கிடங்குகள் எங்கெங்கே இருக்கின்றன என்று கணக்கெடுத்தார். கறுப்பின மக்கள் மொத்த மக்கள்தொகையில் நான்கில் ஒரு பங்குதான். ஆனால் நகராட்சிக்குச் சொந்தமான ஐந்து கிடங்குகளும் அவர்கள் பகுதியில்தான் இருந்தன. வழக்கு தோற்றது. ஆனால் சுற்றுச்சூழல் நீதி என்ற துறை வளர்வதற்கு அந்தக் கணக்கெடுப்பு ஒரு தொடக்கமாக அமைந்தது. செய்தவர்கள் உங்களைப் போன்ற மாணவர்கள்.

சென்னையில் இதே கணக்கை யார் எடுப்பது? கூவம், அடையாறு கரைகளில் இருந்த உழைக்கும் மக்களை ‘ஆக்கிரமிப்பாளர்கள்’ என்று சொல்லி, நதியைக் காப்பாற்றுவதாகச் சொல்லி, பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அந்த இடமும் வெள்ளம் தேங்கும் தாழ்வான இடம்தான். பக்கத்திலிருக்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு 2022இல் ராம்சர் தகுதி கிடைத்தது. அந்தச் சதுப்பு நிலத்தைத் தின்று எழுந்த பெரிய கட்டடங்களை யாரும் அந்தப் பெயரால் அழைப்பதில்லை. யார் ஆக்கிரமிப்பாளர், எது வளர்ச்சி என்பதை ஓர் ஆய்வறிக்கைதான் தீர்மானிக்கிறது. அந்த அறிக்கையை எழுதும் மேசையில் நம் ஆட்கள் மிகக் குறைவு.

அந்த மேசைக்குப் போவதற்கு நான்கு விஷயங்கள் சொல்கிறேன்.

ஒன்று, வேதியியலையும் புள்ளியியலையும் பயப்படாமல் கற்றுக்கொள்ளுங்கள். நம் எண் தப்பாக இருந்தால் நம் மக்களின் நியாயத்தையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள். மற்றவர்கள் ஒருமுறை செய்யும் சோதனையை நீங்கள் மூன்று முறை செய்யுங்கள்.

இரண்டு, வரைபட மென்பொருள் படியுங்கள். கியூஜிஐஎஸ் இலவசமாகக் கிடைக்கிறது.

மூன்று, 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையை முழுக்கப் படியுங்கள். அதன்படி முழு அறிக்கையைத் தமிழில் தர வேண்டியதில்லை, சுருக்கம் கொடுத்தால் போதும். அறிக்கை தயாரிக்கும் நிறுவனத்துக்குக் காசு கொடுப்பதும் ஆலை கட்டுகிறவர்தான். அந்த ஆங்கில அறிக்கையைப் படித்து, கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு முந்தைய நாள் தெருவில் உட்கார்ந்து விளக்க ஒரு ஆள் இருந்தால் கூட்டமே வேறு மாதிரி நடக்கும். அந்த ஆளாக நீங்கள் இருங்கள்.

நான்கு, “இது அறிவியல் இல்லை” என்று சொன்னால் சண்டை போட்டு வகுப்பை விட்டு வெளியே வந்துவிடாதீர்கள். உள்ளே இருந்துகொண்டே அளந்து காட்டுங்கள். பட்டத்தையும் வாங்குங்கள், பதவிக்கும் போங்கள்.

அடுத்த மாதம் உங்கள் கையில் முதல் சாம்பிள் பாட்டில் வரும். அதில் இடம், நாள், நேரம் எழுதச் சொல்வார்கள். இடம் என்ற இடத்தில் ஊர்ப் பெயரோடு நிறுத்தாதீர்கள். தெருவையும் எழுதுங்கள்.