சுவருக்குள்ளே ஒரு காது
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சிறைவாசிகளின் மனநலம் பற்றி ஆராய்கிறேன் என்றால், "கைதிக்கு என்னய்யா மனநலம்?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி அமிதவா ராய் குழுவின் கணக்கே அதற்குப் பதில். 2017 முதல் 2021 வரை நம் நாட்டுச் சிறைகளில் இயற்கைக்கு மாறாக இறந்தவர்கள் 817 பேர். அதில் 660 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள்.

யாருக்கு ஆபத்து அதிகம்? 27 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. முன்பே முயன்றவர்கள், மனநோய் உள்ளவர்கள், விசாரணைக் கைதிகள், தனியறையில் இருப்பவர்கள், மனுப்போட்டுப் பார்க்க ஆள் வராதவர்கள் என்று அது பட்டியல் தருகிறது. கடைசி இரண்டையும் கவனியுங்கள். "சாகப்போறேன்" என்பவரைப் பாதுகாப்புக்கென்று தனியே பூட்டினால் ஆபத்து கூடத்தான் செய்யும்.

வேல்ஸில் உள்ள ஸ்வான்ஸி சிறையில் 1990-இல் 15 வயதுப் பையன் ஒருவன் உயிரை மாய்த்துக்கொண்டான். மறு ஆண்டே சமாரிட்டன்ஸ் அமைப்பு அங்கே கைதிகள் சிலருக்குப் பயிற்சி கொடுத்தது. சக கைதி மனம்விட்டுப் பேசினால் காது கொடுத்துக் கேட்க வேண்டும். புத்தி சொல்லக் கூடாது. வெளியே பேசக் கூடாது. அவ்வளவுதான். அந்த 'லிசனர்' திட்டம் பிறகு பல சிறைகளுக்கும் பரவியது. மருத்துவருக்கு இது மாற்றல்ல. ஆனால் நடுராத்திரியில் மருத்துவர் இருக்க மாட்டார். பக்கத்து அறைக்காரர் இருப்பார்.

மாணவச் செல்வங்களே, "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்கத் தயங்காதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது, பாரம்தான் இறங்கும். சிறைக்கு மட்டுமல்ல, நம் விடுதிக்கும் இது பொருந்தும். மனம் தாளாதபோது 14416-க்குப் பேசுங்கள்.