மீண்டும் பணிக்குச் செல்லும் மகளிர்

(விழாவையொட்டி நடைபெற்ற மகளிர் அரங்கில் ஆற்றிய உரை)

 

குழந்தையை வளர்ப்பதற்காகவோ முதியோரைப் பேணுவதற்காகவோ பணியை விட்ட பெண், சில ஆண்டுகள் கழித்து மீண்டும் பணிக்குச் செல்வது பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். நம் குடும்பங்களில் ஆசிரியப் பயிற்சி பெற்ற பெண்கள் பலர் உளர். ஆதலால், நான் அறிந்த ஆசிரியப் பணியையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

2012-இல் பள்ளியை விட்டு நின்ற ஓர் ஆசிரியை இன்று வகுப்பறைக்குள் நுழைகிறார் என வைத்துக்கொள்வோம். அவர் நடத்திய பாடநூல் இன்று இல்லை. 2018 முதல் புதிய பாடநூல்கள் படிப்படியாக வந்துவிட்டன. அவற்றில் கைப்பேசி கொண்டு காணத்தக்க க்யூ.ஆர். குறியீடுகள் உள்ளன. மாணவர் வருகை கைப்பேசிச் செயலியில் பதிவாகிறது. அரசுப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளில் 2022 முதல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் நடைபெறுகிறது. இவை மலைப்பைத் தரலாம். ஆயினும் ஒரு கோடை விடுமுறையில் கற்றுக்கொள்ளக் கூடியவையே. பவணந்தி முனிவர் வகுத்த எழுத்திலக்கணம் அன்று இருந்தபடியே இருக்கிறது. பாடம் புரியாத பிள்ளையின் முகமும் அன்று போலவே இருக்கிறது.

சட்டமும் ஓரளவு துணை நிற்கிறது. ஆசிரியர் தகுதித் தேர்வுச் சான்று முன்பு ஏழாண்டுகளுக்கே செல்லும். 2021-இல் அது வாழ்நாள் முழுதும் செல்லும் என்றும், 2011 முதற்கொண்டு தேர்ச்சி பெற்றோர்க்கும் பொருந்தும் என்றும் ஒன்றிய அரசு அறிவித்தது. பெட்டியின் அடியில் கிடக்கும் சான்றிதழை இன்றே எடுத்துப் பாருங்கள். பழைய பள்ளியின் அனுபவச் சான்றும் பணி விடுவிப்பு ஆணையும் இல்லையெனில் கேட்டுப் பெறுங்கள். தனியார் பள்ளியில் சேரும்போது, முந்தைய அனுபவத்தைக் கணக்கிட்டே ஊதியம் தருவோம் என்பதை எழுத்தில் பெறுங்கள். இடைவெளியை மறைக்க வேண்டா. ஏன் நின்றேன், இப்போது ஏன் வருகிறேன் என இரண்டு வாக்கியங்களில் கூறிவிடலாம்.

இனி, முதன்மையான செய்திக்கு வருகிறேன். நான் பணியாற்றிய காலத்தில், இவ்வாறு திரும்பி வந்தவர்களுள் சிலர் ஒரு பருவம் முடியுமுன்னரே மீண்டும் நின்றுவிட்டனர். அவர்களுக்குப் பாடம் நடத்தத் தெரியாமல் இல்லை. வீட்டில் முன்பு செய்த வேலை ஒன்றுகூடக் குறையாததால் உடல் தாங்கவில்லை.

நம் வீடுகளில் பொழுது சாயுமுன் உண்ணும் ஒழுக்கம் உண்டு. மார்கழித் திங்களில் ஆறு மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடுகிறான். நான்கரை மணிக்குப் பள்ளி விட்டு, பேருந்து பிடித்து, ஐந்தரைக்கு வீடு சேர்பவள் எப்போது உலை வைப்பாள்? அலுவலகத்திலிருந்து ஏழு மணிக்கு வருபவளுக்கு அன்று இரவுணவே இல்லை. இதனைக் காரணமாகக் கூறியே மருமகளின் பணியை நிறுத்திய குடும்பங்களும் உண்டு. நோன்பு குடும்பம் முழுமைக்கும் உரியது. அதனைக் காக்கும் உழைப்பு மட்டும் எவ்வாறு ஒருத்திக்கே உரியதாகும்?

ஓய்வு பெற்ற மாமனார் நான்கு மணிக்குக் காய் நறுக்கலாம். மாமியாரால் இயன்றால் சோறு வடிக்கலாம். முன்னதாக வீடு திரும்பும் கணவன் அடுப்பைப் பற்றவைக்கலாம். தாமதமாக வருபவளுக்குக் காலையிலேயே மாலைச் சிற்றுண்டியையும் கட்டிக் கொடுக்கலாம். இதனால் எவர் பெருமையும் குறைந்துவிடாது. மகனுக்குச் சமையல் கற்பிப்பதைத் தாய்மார்கள் இன்றே தொடங்குங்கள். நாளை வரும் மருமகளுக்கு நீங்கள் வைக்கும் சீதனம் அதுவே.

இறுதியாக அறக்கட்டளையினர்க்கு ஒரு வேண்டுகோள். கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு அறநெறி வகுப்பு நடைபெறும் அதே நேரத்தில், அடுத்த அறையில் தாய்மார்க்குக் கணினிப் பயிற்சியும் நடத்துங்கள். பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வருவது என்னும் கவலை அங்கே எழாது. பயிற்றுவிக்க என்னைப் போன்ற ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறோம். கணினியைக் கற்பிக்க எங்கள் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.