ஒருவர் தொடங்கிய கலை, பலர் கூடிய வேலை

விருத்தாசலம் என்றால் பழமலைநாதர் கோயிலும் மணிமுத்தாறும் முதலில் நினைவுக்கு வரும். அடுத்தது பீங்கான். அந்தத் தொழிலுக்கென்றே தொழிற்பேட்டையும், அதைக் கற்றுத்தரும் அரசுப் பயிலகமும் அமைந்த ஊர் இது.

ஒரு பீங்கான் பொம்மை எப்படி உருவாகிறது என்று பாருங்கள். கூழாகக் கரைத்த களிமண்ணை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் ஊற்றுகிறார் ஒருவர். அச்சு ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச, அதன் உட்சுவரில் மண் ஏடுகட்டுகிறது. வேண்டிய கனம் வந்ததும் மீதிக் கூழை வடித்துவிடுகிறார்கள். அச்சைப் பிரித்தால் பொம்மை. அச்சின் இரு பாதியும் சேர்ந்த இடம் மட்டும் விலாவில் கோடாகத் துருத்தி நிற்கும். அந்தக் கோட்டைச் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து வழவழப்பாக்குவது இன்னொருவர் கை. காயவைக்க, சூளையில் அடுக்க, வண்ணம் தீட்ட என்று வேறு வேறு கைகள்.

தொழிலில் இது வழக்கமான காரியம். கலை என்று வந்தால்தான் நமக்குத் தயக்கம் வருகிறது. ஒருவர் தனக்கென்று தொடங்கிய படைப்பில் பிறரைச் சேர்த்துக்கொள்ளலாமா? சேர்த்தால் அது அவருடையதாக இருக்குமா? இந்தக் கேள்விக்கு நம் நாட்டிலேயே ஒரு நல்ல பதில் இருக்கிறது. அதுவும் உடைந்த பீங்கானில்.

சண்டிகரில் நேக் சந்த் என்று ஒருவர். பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர். 1950களின் கடைசியில், புது நகரம் எழுப்புவதற்காக இடிக்கப்பட்ட ஊர்களின் இடிபாடுகளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய், சுக்னா ஏரிக்குப் பக்கத்துக் காட்டில் சேர்த்தார். உடைந்த ஓடு, கழிப்பறைப் பீங்கான், மின்சாரப் பீங்கான், வளையல் துண்டு எதையும் அவர் விடவில்லை. சிமெண்ட் உருவங்களின் மேல் சில்லு சில்லாக அவற்றைப் பதித்து மனிதர்களையும் விலங்குகளையும் செய்தார். அரசு நிலம் என்பதால் எல்லாம் ரகசியமாகவே நடந்தது. பல ஆண்டுகள் கழித்து அதிகாரிகள் கண்டுபிடித்தபோது, சட்டப்படி இடித்துத் தள்ளியிருக்கலாம். அவர்கள் இடிக்கவில்லை. 1976இல் அது ஒரு தோட்டமாக மக்களுக்குத் திறக்கப்பட்டது. நேக் சந்துக்குச் சம்பளம் கிடைத்தது; உதவிக்கு 50 தொழிலாளர்களும் வந்தார்கள். நகரத்தின் உடைசல்களைச் சேகரிக்கத் தனி மையங்களும் வந்தன.

தனி ஆளின் வேலை அன்றைக்கே பலருடைய வேலையாக மாறியது. எந்த உருவம், எந்த இடத்தில், எந்தப் பாதையில் என்பதை நேக் சந்த் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். சேகரிப்பது, பிரிப்பது, பதிப்பது, கட்டுவது பலர் கைக்குப் போனது. தோட்டம் ஏறக்குறைய 40 ஏக்கராக விரிந்தது. பிற்பாடு அதன் ஊடே சாலை போட புல்டோசர்கள் வந்தபோது, ஊர் மக்களே வரிசையாக நின்று மறித்தார்கள். ஒருவர் மட்டும் தனியாகப் பூட்டி வைத்திருந்த படைப்பாக இருந்தால் அத்தனை பேர் வந்திருப்பார்களா?

பலரைச் சேர்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. அமெரிக்கக் கலைஞர் ஜூடி சிகாகோ, வரலாற்றில் மறக்கப்பட்ட பெண்களுக்காக 39 பேர் அமரும் பெரிய விருந்து மேசை ஒன்றை உருவாக்கினார். ஒவ்வொருவருக்கும் ஒரு பீங்கான் தட்டு, தையல் வேலை செய்த ஒரு விரிப்பு. 1974இல் தொடங்கி 1979இல் முடித்தார். தனியாக ஆரம்பித்த அந்த வேலையில் நூற்றுக்கணக்கானவர்கள் வந்து சேர்ந்தார்கள். உடன் உழைத்தவர்களின் பெயர்களைப் பலகைகளில் எழுதிப் படைப்போடு சேர்த்தே காட்சிக்கு வைத்தார் அவர். யோசனை தன்னுடையது என்று சொல்லிக்கொள்வதில் தவறில்லை. உழைத்தவர் பெயரை மறைப்பதுதான் தவறு.

இதை விருத்தாசலத்துக்குச் சொல்லக் காரணம் இருக்கிறது. பச்சை மண்ணாக இருக்கும்வரை பொம்மை உடைந்தால் கரைத்து மறுபடியும் ஊற்றலாம். சூளைக்குப் போய்வந்த பிறகு அது களிமண்ணாகத் திரும்பாது. பீங்கான் செய்யும் எந்த ஊரிலும் உடைசல் சேர்ந்துகொண்டேதான் இருக்கும். இந்த ஊரில் கைவேலை தெரிந்தவர்களும் இருக்கிறார்கள், கற்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

யாராவது ஒருவர் ஒரு சுவரை எடுத்துக்கொள்ளட்டும். பள்ளிக்கூடச் சுவரோ பேருந்து நிறுத்தச் சுவரோ, உரியவர்களின் அனுமதியோடு. என்ன படம் என்பதை முதலில் தானே தீர்மானிக்கட்டும். பிறகு பட்டறைக்காரர்களிடம் உடைசல் கேட்கட்டும். கூர்முனை தேய்க்க, நிறம் பிரிக்க, பதிக்க ஆள் கூப்பிடட்டும். வேலை முடிந்ததும் கைகொடுத்த அத்தனை பேரின் பெயரையும் அதே சுவரில், அதே பீங்கானில் பதிக்கட்டும். அந்தச் சுவரைக் காப்பதற்குத் தனியாகக் காவல்காரர் வேண்டாம்; பெயர் பொறிக்கப்பட்டவர்களும் அவர்கள் பிள்ளைகளும் பார்த்துக்கொள்வார்கள்.