தட்டை விட்டு எழ ஒரு மணி நேரம்



ஆசானுக்கு வெற்றிலை பாக்கு வைத்துச் சிலம்பக் கம்பைத் தொட்ட தலைமுறை நம் தென்காசி, குற்றாலத்தில் உண்டு. கர்லாக்கட்டை சுற்றி, தண்டாலும் பஸ்கியும் எடுத்து, எண்ணெய் ஊறிய உடம்போடு பேரருவியில் போய் நின்றவர்கள். பிறகு ஜிம் வந்தது. கர்லாக்கட்டை மூலைக்குப் போனது. 2014-ல் புரோ கபடி வந்தது. கபடி பார்ப்பவர்கள் பெருகினார்கள், ஆடுபவர்களைப் பற்றி நான் பேசவில்லை! 2015 முதல் ஜூன் 21 யோகா தினம். 2023 நவம்பரில் அரசே மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் பாதை குறித்து ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்றது. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் போட்டியில் சிலம்பமும் ஏறிவிட்டது. எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்தான்.

இதையெல்லாம் பார்த்தால் நாடே ஓடியாடுவதாகத் தோன்றும். 2024-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வோ வேறு கணக்குச் சொல்கிறது. போதிய உடலுழைப்பு இல்லாத இந்தியப் பெரியவர்கள் 2000-ல் நூற்றுக்கு 22 பேர். 2022-ல் 49 பேர். ஆண்களில் 42, பெண்களில் 57. வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடந்தாலே தேறிவிடலாம், அதற்கே இந்த நிலை.

ஆட்டுரலும் உலக்கையும் போனதற்கு நான் அழமாட்டேன். நம் அம்மாக்களின் இடுப்பை ஒடித்தவை அவை. ஆனால் அவை போன இடத்தில் என்ன வந்தது? நம் வட்டாரத்தில் பீடித்தட்டு வந்து மடியில் உட்கார்ந்தது. கடையநல்லூர்ப் பக்கமோ ஆலங்குளம் பக்கமோ போய்ப் பாருங்கள். காலை முதல் குனிந்த தலை நிமிராமல் இலை வெட்டி, தூள் வைத்து, சுற்றி, நூல் கட்டுகிறார்கள். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று. எழுந்து நடந்தால் அந்த நேரத்துக்குக் காசு கிடையாது. அவர்களிடம் போய் “நடங்கம்மா, சுகர் குறையும்” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பீடியைக் கடையில் கொடுத்துவிட்டு, உலை வைத்து இறக்கிய பிறகுதான் அவர்களுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். அப்போது இருட்டிவிடும்.

பேரருவியில் பெண்கள் குளிக்கத் தனி இடம் ஒதுக்கிய ஊர் இது. பள்ளி மைதானத்தில் இரவு 7 முதல் 8 வரை பெண்களுக்கென்று ஒதுக்க முடியாதா? விளக்கு வேண்டும், பூட்டாத கழிப்பறை வேண்டும், வாசலில் ஒரு காவலர் வேண்டும். கவுன்சிலர்கள் யாராவது வந்திருந்தால் மேடைக்கு வாருங்கள். மைக்கை உங்களிடமே தருகிறேன்.